மிக்சிங் அக்கா வெட்டமாட்டார்

"வெட்டமாட்டேன்."

இந்த ஒரு வார்த்தையை எத்தனை விதமாகச் சொல்ல முடியும் என்பதைச் சிதம்பரத்தில் அவரிடம்தான் பார்த்தேன். சிரித்துக்கொண்டே சொல்வார். ரப்பர் பேண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு முடியை அள்ளிக் கட்டும்போது சொல்வார். போனில் எதிராளி கேட்டு முடிப்பதற்குள் சொல்லி, போனையும் வைத்துவிடுவார்.

எல்லோரும் அவரை மிக்சிங் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டுக்காரர் கல்யாண வீடியோ எடுப்பவர். எடுத்ததை வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து, மாப்பிள்ளையையும் பெண்ணையும் ரோஜாப்பூவுக்குள் வைத்துச் சுற்றவிடுகிற வேலைக்கு மிக்சிங் என்று பெயர். அக்கா அதைப் பல வருஷம் செய்தவர். வெட்டுவதையே பிழைப்பாக வைத்திருந்த ஒரு மனுஷி வெட்டமாட்டேன் என்று நின்றது எனக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. பிறகு எரிச்சலாக இருந்தது. ஏனென்றால் அவரை வெட்ட வைக்கத்தான் எனக்குச் சம்பளம்.

சென்னையில் நாட்டார் கலைகளுக்கென்று ஓர் இணைய ஆவணக் காப்பகம் தொடங்கியிருந்தார்கள். நான் அதில் ஒப்பந்த ஆள். சிதம்பரத்துக்காரன் என்பதால் கடலூர் மாவட்டத்துத் தெருக்கூத்தை என் தலையில் கட்டினார்கள். யாரிடம் என்ன வீடியோ இருக்கிறது என்று கண்டுபிடித்து, படிவம் நிரப்பி, இருபது நிமிடத்துக்குள் 'தேர்ந்த பகுதி' தயாரித்து அனுப்ப வேண்டும். விசாரித்த இடத்தில் எல்லாம் ஒரே பதில் வந்தது. "மிக்சிங் அக்காகிட்ட போங்க. ஆனா தரமாட்டாங்க."

2008இல் போனேன். தெற்கு வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடியில், பிரவுசிங் சென்டர். ஆறு கம்ப்யூட்டர். ஐந்து வாடிக்கையாளருக்கு, ஆறாவது கூத்துக்கு. அன்றைக்குப் பார்த்துக் கல்லூரித் தேர்வு முடிவு வந்திருந்தது. படிக்கட்டு வரைக்கும் பிள்ளைகள் நின்றார்கள். ஒரு பெண் ஆறாவது கம்ப்யூட்டரைக் காட்டி, "அக்கா, அது சும்மாதானே இருக்கு?" என்றாள்.

"அதுல பாஞ்சாலி ஏறிக்கிட்டு இருக்குது. எழுப்ப முடியாது. நீ பாஸாதான் ஆயிருப்ப, போய் வரிசையில நில்லு."

அந்தக் காலத்தில், அவர் கூத்தை ஏற்றிய இணைய வீடியோ தளம் பத்து நிமிடத்துக்கு மேல் ஏற்றவிடாது. கூத்தோ விடிய விடிய நடப்பது. அக்கா ஒரு கூத்தை நாற்பத்தேழு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 1/47, 2/47 என்று எண் போட்டு ஏற்றுவார். ஒரு துண்டு ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிரிப்பது வேறு, வெட்டுவது வேறு என்பது அவர் கட்சி. பிரித்ததைச் சேர்க்கலாம், வெட்டியதைச் சேர்க்க முடியாது.

என் படிவத்தை வாங்கிப் படித்தார். அதில் ஒரு கேள்வி, 'இக்கலை அழிந்துவருவதற்கான காரணங்கள்'. அதில் கை வைத்து நிறுத்தினார்.

"இன்னா சார் இது? யாரு சொன்னா அழியுதுன்னு? பங்குனி சித்திரையில கூத்தாட ஒரு ஜமா கெடைக்குதான்னு கேட்டுப் பாருங்க. ஆறு மாசம் முன்னாடி வெத்தல பாக்கு வச்சாதான் வருவாங்க. ஆடுறவங்கள போயி அழியுறீங்களான்னு கேக்குறீங்களே, நல்லாவா இருக்கு?"

பேனாவை எடுத்து அந்த வரியின்மேல் ஒரு கோடு இழுத்தார். நான் அவரோடு பழகிய நான்கு வருஷத்தில் அவர் வெட்டிப் பார்த்தது அந்த ஒரு வரியைத்தான்.

முழுசு என்றால் அவருக்கு முழுசு. 'ஹலோ, மைக் டெஸ்டிங்' முழுசாக இருக்கும். ஒலிபெருக்கியில் "நீலச் சட்டை போட்ட பையனின் தாயார் எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்" என்கிற அறிவிப்பு, அர்ச்சுனன் பாட்டின் நடுவே, அப்படியே இருக்கும். கட்டியங்காரன் ஊர்ப் பிரசிடெண்டைக் கிண்டல் செய்வதும், பிரசிடெண்டு வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து போவதும், பிறகு தானாகவே திரும்பி வந்து உட்காருவதும் இருக்கும். இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது 19/47. ஜெனரேட்டர் நின்றுபோய், அந்தப் பத்து நிமிடமும் திரை கும்மிருட்டு.

"அக்கா, இதையாவது எடுத்துடலாமே. ஒண்ணுமே தெரியல."

"தெரியலன்னா கேளு. காது இருக்குதுல்ல?"

ஹெட்போனை என் தலையில் மாட்டினார். இருட்டில் ஜனங்கள் பேசுகிறார்கள். கொசு அடிக்கிறார்கள். மத்தளக்காரர் சும்மா இருக்க முடியாமல் மெதுவாகத் தட்டிக்கொண்டிருக்கிறார். கேமராவுக்குப் பக்கத்தில் யாரோ கூடப்பிறந்த பெண்கள் இருவர் ஒரு நிலத்தகராறு பற்றிச் சண்டை போட்டு, அழுது, ஒருத்தி மற்றவளுக்கு முறுக்கை உடைத்துத் தருகிறாள். முறுக்கு உடைகிற சத்தம்கூடக் கேட்டது. இதை எந்தப் படிவத்தில் எந்தத் தலைப்பின் கீழே எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அவருடைய பிடிவாதம் ஒரு தடவை அவரையே சிக்கலில் மாட்டிவிட்டது. அதுவும் துகிலில்.

பாஞ்சாலியின் சேலையைத் துச்சாதனன் உருவுகிற கட்டத்தைத் துகில் என்பார்கள். அந்தப் பக்கத்து ஊர்களில் அதை வெறும் காட்சியாக யாரும் பார்ப்பதில்லை. துச்சாதனன் வேஷக்காரர் சேலையில் கை வைப்பதற்கு முன்னால் பாஞ்சாலி வேஷக்காரர் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்பார். கற்பூரம் ஏற்றுவார்கள். கண்ணன் கொடுத்த சேலை வந்து சேரும்வரை பந்தலிலிருந்து ஒருவரும் எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் அவளை அந்தக் கோலத்தில் விட்டுவிட்டுப் போனதாக ஆகும்.

31/47 முடிகிற இடத்தில் பாஞ்சாலி இரண்டு கையையும் மேலே தூக்கிக் கண்ணனைக் கூப்பிடுகிறாள். துச்சாதனன் முந்தானையைப் பிடித்து இழுக்கிறான். அத்தோடு பத்து நிமிடம் தீர்ந்தது. அக்கா கடிகாரம் பார்த்துப் பிரித்தவர், கதை பார்த்துப் பிரிக்கவில்லை. 32 ஏறிக்கொண்டிருந்தபோது சந்து முனையில் டிரான்ஸ்பார்மர் வெடித்து, கரண்டு போனது. மூன்று நாள் வரவில்லை.

முதல் நாள் மாலையே துபாயிலிருந்து போன். "இன்னாக்கா, பாஞ்சாலிய இப்படி உட்டுட்டு எங்க போன?" அடுத்து சிங்கப்பூர். அடுத்து அந்தக் கூத்து நடந்த ஊரிலிருந்தே மூன்று பேர். பிள்ளைகளுக்குக் காய்ச்சலாம், மாடு தண்ணி குடிக்கவில்லையாம், எல்லாப் பழியும் முப்பத்தொன்றின் மேல். மூன்றாம் நாள் காலை பாஞ்சாலியே நேரில் வந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும். கட்டம் போட்ட லுங்கி, காதில் கடுக்கன், மழுங்கச் சிரைத்த முகம்.

"ரெண்டு நாளா கைய தூக்கிக்கிட்டு நிக்கறேம்மா. ஊர்ல ஒருத்தர் மூஞ்சிய பாக்க முடியல. எறக்கி வுடு."

நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு கடலூர் பஸ் ஏறினார். பின்னால் பாஞ்சாலி. அவருக்குப் பின்னால் நான். கடலூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் கரண்டு இருந்தது. அதன் ஓனர் பைலின் அளவைப் பார்த்துவிட்டு, "இத ஏத்துனா மத்தவங்களுக்கு நெட்டு நின்னுடும். சின்னதா வெட்டிக் கொண்டாங்கம்மா" என்றார்.

"வெட்டமாட்டேன். நீங்க துச்சாதனன் பக்கமா, கண்ணன் பக்கமா? அத மட்டும் சொல்லுங்க."

அந்த மனுஷன் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். ஒரு கம்ப்யூட்டரைக் காலி செய்து கொடுத்தார்.

ஒன்றரை மணி நேரம் மூன்று பேரும் அந்தக் கோடு நகர்வதையே பார்த்துக்கொண்டு இருந்தோம். நூறு வந்ததும் பாஞ்சாலி இடுப்பிலிருந்து கற்பூரத்தை எடுக்க, ஓனர் "யோவ், மானிட்டரு!" என்று பாய்ந்து வந்து தடுத்தார். வாசல் படியில் ஏற்றினார்கள். அக்கா துபாய்க்குப் போன் போட்டு, "வந்துடுச்சு, பாத்துக்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். திரும்பும்போது பாஞ்சாலி பஸ்ஸில் இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு புவனகிரி வரைக்கும் தூங்கினார்.

அதற்குப் பிறகு எந்த ஊர்த் துகிலாக இருந்தாலும், சேலை வருகிற பாகத்தை முதலில் ஏற்றிவிட்டுத்தான் உருவுகிற பாகத்தை ஏற்றுவார். பிரிக்கிற இடத்தை மாற்றுவதற்குப் பதில் வரிசையையே மாற்றிவிட்ட ஆளை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

இவ்வளவு பார்த்த பிறகும் நான் புத்தி வந்தவனாக நடக்கவில்லை. அக்கா ஒரு முறை நம்பி ஒரு கூத்தின் முழுப் பதிவையும் எனக்குப் பிரதி போட்டுக் கொடுத்தார். நான் அதை இருபத்திரண்டு நிமிடமாக ஆக்கினேன். நல்ல பாட்டு, நல்ல ஆட்டம், நல்ல வெளிச்சம். அலுவலகத்தில் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் மிதப்பில் அதைக் கொண்டுவந்து அந்த ஆறாவது கம்ப்யூட்டரிலேயே அக்காவுக்குப் போட்டுக் காட்டினேன்.

முழுவதும் பார்த்தார். பிறகு கேட்டார். "ஆளுங்க எங்க?"

"இதோ, ஆடுறாங்களே."

"இவங்க இல்ல. பாக்குறவங்க."

சனங்களைக் காட்டிய இடங்களையெல்லாம் எடுத்துவிட்டேன் என்று சொன்னேன். கலைதான் முக்கியம் என்றும் சொன்னேன். இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

அக்கா கத்தவில்லை. மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அவர் ஏதாவது முக்கியமாகப் பேசப்போனால் மின்விசிறிச் சத்தம் கூடாது. அன்று சொன்னதை அவர் பிறகு ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

அவர் பிறந்தது கடலூர்ப் பக்கம் ஒரு கடலோரக் குப்பம். 2004 சித்திரையில் அங்கே திரௌபதி அம்மன் கோயில் கூத்து. அக்கா எட்டு டேப் எடுத்தார். ஊர்க்காரர்கள், "நல்ல எடமா பாத்து ஒரு மணி நேரத்துக்கு சி.டி. போட்டுக் குடு" என்றார்கள். போட்டுக் கொடுத்தார். கூட்டத்தை எடுத்துவிட்டார், குழந்தைகளை எடுத்துவிட்டார், அறிவிப்புகளை எடுத்துவிட்டார். டேப்பைச் சும்மா வைத்திருக்க முடியுமா, அடுத்து வந்த கல்யாணங்களை அதே டேப்பில் எடுத்தார்கள். எல்லா ஸ்டுடியோவிலும் அதுதான் வழக்கம்.

"டிசம்பர்ல அலை வந்துச்சு. எங்க பெரியப்பா மொற ஒருத்தரு. அவரு அம்மா போயிடுச்சு, ஊடும் போயிடுச்சு. ஊட்டுல இருந்த போட்டோவும் போயிடுச்சு. கருமாதிக்கு வெக்க ஒரு படம் வேணும். முகாம்லேருந்து பஸ் புடிச்சு இங்க வந்தாரு. 'எம்மா, கூத்துல மொதல் வரிசையில எங்கம்மா ஒக்காந்திருந்துச்சு, நீ கேமராவ திருப்பினப்ப சிரிச்சுச்சு, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, அத எடுத்துக் குடு' அப்படின்னாரு. எனக்கும் ஞாபகம் இருந்துச்சு தம்பி. அந்த சிரிப்ப வெட்டினதே நான்தான. சி.டி.ய போட்டேன். இல்ல. டேப்ப போட்டேன். சேத்தியாத்தோப்புல யாரோ கல்யாணம். பந்தியில எல போடுறாங்க. நிறுத்தப் போனேன். 'நிறுத்தாத, ஓரத்துல எங்கயாச்சும் மிச்சம் இருக்கும்'னு சொல்லி, ஒரு மணி நேரம், அந்தக் கல்யாணத்த பூரா ஒக்காந்து பாத்தாரு."

எழுந்து போய் மின்விசிறியைப் போட்டார்.

"அன்னையிலேருந்து வெட்டமாட்டேன்."

நான் அந்த இருபத்திரண்டு நிமிடத்தை அழித்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். அழிக்கவில்லை. அது காப்பகத்தில் இருந்தது, எனக்கு அடுத்த வருட ஒப்பந்தமும் அதனால்தான் கிடைத்தது.

எங்கள் காப்பகத்தின் இயக்குநர் சென்னையிலிருந்து நேரிலேயே வந்தார். அக்காவிடம் அப்போது இருநூறுக்கு மேல் டேப் இருந்தது. சிதம்பரத்துப் புழுக்கத்தில் ஒவ்வொன்றாகப் பூஞ்சை பூத்துக்கொண்டிருந்தது. அக்கா அவற்றைச் சிப்காட் ரசாயனக் கம்பெனிகள் பக்கம் வாங்கிக் கழுவிக் காயவைத்த நீல டிரம்களில் போட்டு, மூடியைச் சுற்றிச் செலோ டேப் ஒட்டி வைத்திருந்தார். நாளுக்குப் பல தடவை மின்வெட்டு ஆகிற ஊரில், துண்டு துண்டாக அவர் ஏற்றி முடிப்பதற்குள் பாதி செத்துவிடும். அது அவருக்கும் தெரியும். இயக்குநர் நல்ல மனுஷன்தான். குளிரூட்டிய அறையில் வைக்கிறோம், உங்கள் பெயரைப் போடுகிறோம், ஒவ்வொரு கூத்திலும் சிறந்த இருபது நிமிடத்தை உலகமே பார்க்கும் என்றார்.

"மீதி?"

"மீதிய வச்சுக்க எங்ககிட்ட வசதி இல்லம்மா. ஆவணம்னாலே தேர்ந்தெடுக்கறதுதான்."

"தேர்ந்தெடுத்து ஒருதரம் பாத்துட்டேன் சார்."

அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. கையிலிருந்த படிவத்தைப் புரட்டினேன்.

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா. இப்படியே விட்டா எல்லாமே போயிடும்."

"போனா அது போவட்டும் சார். நான் வெட்டிப் போனதா இருக்கக் கூடாது. டீ சாப்புடுங்க."

டீ நன்றாக இருந்தது. இயக்குநர் வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தார். எனக்கும் கோபம்தான். இருபது நிமிடமாவது மிஞ்சட்டுமே என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் அந்த மாடிப்படி இறங்கும்போது பின்னால் 'ஹலோ, மைக் டெஸ்டிங்' என்று ஏதோ ஒரு ஊர்க் கூத்து ஏறத் தொடங்கியதும் எனக்குச் சிரிப்பு வந்தது. பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு அந்தத் தளம் பத்து நிமிடத்தைப் பதினைந்தாக்கியது. அக்கா எனக்குப் போன் செய்து, "பாத்தியா, அவனே எறங்கி வந்துட்டான்" என்றார். என்னமோ இவர் நேரில் போய் மிரட்டியதுபோல. 2011 கடைசியில் 'தானே' புயல் வந்து மாடித் தகரத்தைத் தூக்கிக்கொண்டு போனது. ஐந்து கம்ப்யூட்டர் நனைந்து வீணானது. ஆறாவதைப் பாலிதீன் சுற்றி முன்னாடியே கீழே இறக்கியிருந்தார். நீல டிரம்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "மருந்து நாத்தம்தான். பூஞ்சையே பயந்து ஓடிடும்" என்றார்.

அடுத்த கோடையில் ஒரு நாள் போன். "தம்பி, வெட்டினது ஒண்ணு போட்டிருக்கேன். பாரு."

நம்பாமல் திறந்தேன். அந்த ஒரு மணி நேர சி.டி. 2004, அவர் ஊர்க் கூத்து. எட்டு வருஷமாக யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தது. தலைப்பில் எழுதியிருந்தார்: 'இது முழுசு இல்ல. வெட்டினது நான்.' கீழே, எந்த இடத்தில் என்ன வெட்டினார் என்று நினைவிலிருந்து எழுதியிருந்தார். அர்ச்சுனன் தபசுக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் பந்தல் காலைச் சுற்றி ஓடினார்கள், அது இல்லை. சுண்டல் விற்ற பெண் மேடையைப் பார்த்துக் கையைத் தட்டினாள், அது இல்லை. அதற்குக் கீழே அவர் ஊர்ச் சனங்கள் எழுதத் தொடங்கியிருந்தார்கள். எழுதத் தெரியாதவர்கள் அக்கா கடைக்கு வந்து சொல்லச் சொல்ல, அக்கா தட்டியிருக்கிறார். ஒவ்வொருவரும் தங்கள் ஆள் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று சொல்லியிருந்தார்கள். யார் பக்கத்தில், எந்தக் கலர் சட்டை, எப்போது தூங்கினார், எப்போது எழுந்தார். ஒரு பந்தல் முழுக்கத் திரும்ப உட்கார்ந்துவிட்டது.

அதைக் காப்பகத்தில் சேர்த்தேன், யாரையும் கேட்காமல். எங்கள் படிவத்தில் 'குறிப்பு' என்ற கட்டத்தில் கொஞ்சம் எழுத்துகளுக்கு மேல் ஏறாது. அதனால் அந்த ஒரு வீடியோவுக்கு ஒன்பது பதிவு போட்டேன். 1/9, 2/9 என்று எண் கொடுத்தேன்.

இயக்குநர் போனில் கூப்பிட்டார். "என்னப்பா இது, ஒரே சி.டி.க்கு ஒன்பது பதிவு? ஒண்ணாச் சுருக்கி அனுப்பு. தேவையில்லாதத வெட்டிடு."

ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டிய மாதம் அது. எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினேன். ஆறாவது பதிவைத் திறந்து அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

"மொதல் வரிசை. எடப்பக்கம் மூணாவது ஆளு. மஞ்ச சேல. கேமராவ பாத்து சிரிக்கும். எங்கம்மா."

போனை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"இதுல எந்த வார்த்தைய வெட்டணும்னு நீங்களே சொல்லுங்க சார்" என்றேன்.

அவர் சொல்லவில்லை. ஒன்பதும் அப்படியே இருக்கின்றன.